முப்பத்தெட்டு வீடு, ஓரடுப்பு

பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஒரு வீட்டில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா?"

பெரியவர் மனிதர் அல்ல. வன்னிக்கு மேலே, முகில்களையும் தாண்டி நின்ற ஏழு பலூன்களும், அவை பார்ப்பதையெல்லாம் வாங்கி யோசிக்கிற ஒரு கணினியும் சேர்ந்ததுதான் பெரியவர். எங்கள் நிவாரண நிறுவனம் அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. இந்தப் பெயரை வைத்தவன் சாரதி சூசைதாசன்.

"மேலை இருந்து எல்லாத்தையும் பாக்கிறார். கும்பிட்டாலும் கும்பிடாட்டியும் ஒண்டும் பேசிறார் இல்லை. வேறை என்ன பேர் வைக்கிறது?" என்றான். அவன் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். அதனால் அவன் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அது மாரி பொய்த்த மூன்றாவது வருடம். குளங்களின் அடிமண் வெடித்துக் கிடந்தது. காட்டோரத்து ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிப் பெருந்தெரு முகாம்களை நோக்கி நடந்துகொண்டிருந்தன. எண்ணெய் இல்லாமல் தொலைபேசிக் கோபுரங்கள் செத்துப் போயிருந்தன. எந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், எந்த ஊர் கிளம்பிவிட்டது என்று தெரியாது. எங்களிடம் இருந்தது ஆறு லொறி. ஒரு தடவை ஆள் இல்லாத ஊருக்கு அரிசி ஏற்றிப் போய் அப்படியே திரும்பி வந்தோம். அதே நாள் முகாமில் மத்தியானக் கஞ்சி இல்லை. அதற்குப் பிறகுதான் பலூன்கள் வந்தன.

"ஏன் அண்ணை, மேலை நிண்டு மனுசரையே எண்ணலாம்தானே? அடுப்பை ஏன் எண்ணவேணும்?" என்று சூசை கேட்டான்.

"அது சூட்டைத்தான் பாக்கும். இந்த வெயிலுக்குத் தரையும் மனுசரும் ஒரே சூடு. பிரிச்சுத் தெரியாது. அடுப்பு மட்டும்தான் தெரியும்."

"அப்ப அவருக்கு நாங்கள் மண், இல்லாட்டி அடுப்பு நெருப்பு. சரி."

பெரியவருக்கு அடுப்பு தெரிந்தது. அடுப்பின் அர்த்தம் தெரியவில்லை. அதைச் சொல்ல ஊர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். இருபத்தாறு வருடம் நிவாரண வேலையில் இருந்தவன், இந்த மண்ணில் பிறந்தவன் என்று என்னைக் காட்டினார்கள். பரராசா என் பெயர். பரா அண்ணை என்றால் வவுனியாவில் இருந்து மாங்குளம் வரை தெரியும். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

நான் ஒலிவாங்கிக்குள் சொன்னது அப்படியே பதிவில் இருக்கிறது. "எங்கட சனம் பட்டினியெண்டாலும் அடுப்பை மூட்டும். வெறும் தண்ணியெண்டாலும் கொதிக்க வைக்கும். பக்கத்து வீட்டுக்குப் புகை தெரியவேணும், அதுதான் மானம். மூண்டு நாள் அடுப்பு எரியேல்லையெண்டால் அந்த வீட்டிலை ஆக்கள் இல்லை. எழுதிக்கொள்ளுங்கோ."

எழுதிக்கொண்டது. நாற்பது ஊர்களில் நேரில் போய்ச் சரிபார்த்தோம். முப்பத்தொன்பதில் நான் சொன்னதே சரி. தலைமை அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. அதில் 'பரா விதி' என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை வீட்டில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினேன். இப்போது அது அங்கே இல்லை.

விதி இதுதான். ஐந்து அடுப்புக்குமேல் எரிந்தால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை லொறி போகும். ஐந்துக்குக் குறைந்தால் ஊர் கிளம்பிவிட்டது. மிஞ்சிய ஓரிருவரும் சில நாளில் பின்னால் வந்துவிடுவார்கள். லொறி முகாமுக்குப் போகும். சந்தேகமாக இருந்தால் பெரியவர் என்னைக் கேட்பார். ஆள் உண்டு, ஆள் இல்லை, தெரியாது என்று மூன்று பெட்டி திரையில் வரும். 'தெரியாது' என்று அழுத்தினால் இரண்டு நாளுக்குள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

*

விளாத்தியடிக்குளத்துக்கு நான் கடைசியாக லொறியோடு போனது வைகாசி மாதம். முப்பத்தெட்டு வீடு. மாதர் சங்கத் தலைவி தவமணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். குரல் கொஞ்சம் பெரிசு. அரிசி பிரிக்கும்போது யாரும் முண்டியடிக்க மாட்டார்கள், அவளுடைய குரலுக்குப் பயந்து. அவள் புருஷன் யோகநாதன், உழவு இயந்திரம் புரண்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனவர். வேப்ப மரத்தடியில் கட்டிலில் இருந்துகொண்டு எல்லாரையும் பகிடி பண்ணுவார்.

அன்றைக்குத் தவமணி சொன்னாள், "அண்ணை, அரிசி காணாதெண்டு சொல்லேல்லை. தண்ணிதான். முப்பத்தெட்டு வீட்டிலையும் அரிசி கழுவ, பானை கழுவவே அரைவாசி போகுது. விறகும் இல்லை."

நான் சொன்னேன், "முப்பத்தெட்டு அடுப்பு ஏன் பிள்ளை? கோயிலிலை அன்னதானம் வைக்கிற கிடாரம் இருக்குத்தானே? ஒரே அடுப்பிலை போடுங்கோ. தண்ணியும் மிச்சம், விறகும் மிச்சம். ஒரு பிள்ளை வயிறு நிறையத் தின்ன மற்றப் பிள்ளை பாத்துக்கொண்டிருக்காது."

"ஒரே அடுப்போ? இவளவையின்ரை வாய்க்கு நான் உப்புப் போட்டு முடியுமே? ஒருத்திக்குக் கூடும், ஒருத்திக்குக் குறையும்."

கட்டிலில் இருந்து யோகன் சொன்னார், "உப்பை என்னட்டைத் தாங்கோ அண்ணை. இருந்த இடத்திலை நான் கிடாரம் பாக்கிறன். இருபது வருசமா இவளின்ரை சமையலைத் திண்டு தப்பினவன், எனக்கு எதையும் தாங்கிற நாக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். தவமணி அகப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

"வெக்கப்படாதையுங்கோ," என்றேன். "போற ஊரெல்லாம் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன்."

அது உண்மை. அந்த மாதம் போன எல்லா ஊரிலும் சொன்னேன். நல்ல யோசனை என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அது நல்ல யோசனைதான்.

*

இரண்டு கிழமை கழித்து ஒரு மத்தியானம் திரையில் கேள்வி வந்தது. நான் மேசையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்து வைத்திருந்தேன்.

"விளாத்தியடிக்குளம். முப்பத்தெட்டு அடுப்புகளில் முப்பத்தேழு ஐந்து நாளாக எரியவில்லை. ஒன்று எரிகிறது. அதன் சூடு வழமையைவிட நான்கு மடங்கு. ஊர் வெளியேறிவிட்டது எனக் கருதலாமா? வேறு காரணம் உண்டா?"

நான்கு மடங்கு சூடு. பெரியவருக்கே சந்தேகம். அதனால்தான் கேட்டார்.

அந்த நேரத்தில் கிடாரம் என் நினைவுக்கு வரவில்லை என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். வந்தது. தவமணி தூக்கிய அகப்பைகூட வந்தது. ஆனால் அடுத்தநாள் காலை வெளிநாட்டில் இருந்து ஐந்து பேர் வருகிறார்கள், பரா விதியைப் பற்றிக் கேட்க. நான் படம் காட்டிப் பேசவேண்டும். விளாத்தியடிக்குளம் எழுபது கிலோமீற்றர். பாதி வழி பாதையே இல்லை. போனால் அந்தக் கூட்டத்தில் நான் இருக்க முடியாது. அதைவிட, கிடாரம்தான் காரணம் என்றால் என் விதி பிழை. நாளைக்கு அவர்கள் வரும்போது அதைப் பிழை என்று யார் சொல்வது?

சூசை எட்டிப் பார்த்தான். "போய்ப் பாப்பமே அண்ணை? நான் வண்டி எடுக்கிறன்."

"ஏன்? சனம் வெளிக்கிட்டிட்டுது. போறவை கொண்டுபோக முடியாத சாமானைப் போட்டு எரிக்கிறவை. அதுதான் சூடு."

நான் அதையே எழுதவும் செய்தேன். 'வீட்டுச் சாமான்களை எரிக்கிறார்கள்.' பிறகு 'ஆள் இல்லை' என்ற பெட்டியை அழுத்தினேன். பெரியவர் நன்றி சொன்னார். நான் சோற்றைச் சாப்பிட்டேன். என்ன கறி என்றுகூட ஞாபகம் இருக்கிறது. கத்தரிக்காய்.

அடுத்தநாள் கூட்டம் நன்றாக நடந்தது.

*

ஐந்து கிழமை போனது. பெருந்தெரு முகாமில் பதிவு மேசையில் இருந்தேன். வரிசையில் ஒரு பெண் வந்து நின்றாள். கன்னம் உள்ளே போயிருந்தது, காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. "பரா அண்ணை!" என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. குரல் மட்டும் அதே குரல்.

"தவமணி... எப்ப வந்தனீங்கள்?"

"நேத்துப் பின்னேரம். ஊரே வந்திட்டுது." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணை, உங்களைக் கண்டால் சொல்லவேணுமெண்டு நினைச்சனான். நீங்கள் சொன்ன கிடாரத்தாலைதான் நாங்கள் இவ்வளவு நாள் தப்பினது. லொறி வரேல்லை. அடுத்த தவணையும் வரேல்லை. எங்கையோ பாதை உடைஞ்சிருக்கும், வரும் வருமெண்டு இருந்தம். ஒரே அடுப்பு எண்டபடியால் ரெண்டு கிழமை அரிசியை அஞ்சு கிழமை இழுத்தம். தனித்தனியச் சமைச்சிருந்தால் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

வரிசையில் பின்னால் நின்ற இன்னொரு பெண்ணும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். நன்றியாகத்தான்.

"வழியிலை கஷ்டமோ?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"நாலு நாள் நடை, பத்து நாளாச்சு. வல்லிபுரம் மாமா முடியாமல் இருந்திட்டார், பிறகு எழும்பேல்லை. சுகந்தியின்ரை கைக்குழந்தையை ஆத்தங்கரையிலை தாட்டனாங்கள்." அவள் அதை மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் திரையைப் பார்த்தேன். விளாத்தியடிக்குளம்: வெளியேறியது. முன்கணிப்பு: சரி. அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம் போட்டிருந்தது.

"யோகன் எங்கை?"

"அவர் அங்கை."

"எங்கை?"

"ஊரிலை. தூக்கிக்கொண்டு வர ஆருக்குத் தெம்பு? நான் தூக்குவனெண்டு நிண்டன். அவர் ஏசினார். 'நான் அடுப்பை அணைய விடாமல் இருக்கிறன். லொறி வந்தால் ஆக்கள் இருக்கினமெண்டு புகையைக் கண்டு வரட்டும். நீ போய்ச் சாமான் எடுத்துக்கொண்டு வா' எண்டார். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி போட்டுக் குடுத்திட்டு வந்தம். விறகும் கட்டிலடியிலை அடுக்கினது. பத்து நாளுக்குக் காணும். நான் பிந்திப்போனன் அண்ணை, மாமாவோடையும் குழந்தையோடையும். இண்டைக்குப் பதினொண்டு." அவள் கை என் மணிக்கட்டை இறுக்கியது. "என்ரை பங்கைத் தாங்கோ. ஏதும் வண்டி அந்தப் பக்கம் போகுமெண்டால் ஏத்தி விடுங்கோ."

நான் மறுபடி திரையைத் தொட்டேன். எரியும் அடுப்பு: ஒன்று. போன கிழமையும் ஒன்று. அதற்கு முந்தின கிழமையும் ஒன்று. மேலே இருந்து பார்த்தால், நூற்றைம்பது பேர் உண்ட அடுப்பும் ஒரு மனிதன் தனியே இருந்த அடுப்பும் ஒரே புள்ளிதான். இந்தப் பதினொரு நாளும் அந்தப் புள்ளி என் திரையில் இருந்தது. பின்னால் வந்துவிடுவார்கள் என்று விட்டிருந்தேன்.

"எரியுது தவமணி," என்றேன். "இப்பவும் எரியுது."

அவள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

*

சூசை பிக்கப்பை அன்றைக்கு ஓட்டிய மாதிரி எப்போதும் ஓட்டியதில்லை. பின்னால் எட்டு மூட்டை அரிசி, ஒரு பீப்பாய் தண்ணீர். தவமணி நடுவில் இருந்தாள். மூன்று மணித்தியால ஓட்டம். அவள் இடைக்கிடை திரையைக் காட்டச் சொல்லுவாள். காட்டுவேன்.

மத்தியானம் தாண்டி ஊருக்குள் இறங்கினோம். வேப்ப மரத்தடியில் புகை நின்றது. யோகன் தரையில் சரிந்து கிடந்தார். கட்டில் இல்லை. கட்டிலின் கடைசிக் கால் அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது. கிடாரத்தில் வெறும் தண்ணீர் கொதித்தது.

அவர் கண்ணைத் திறந்து என்னைத்தான் முதலில் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. "என்ன அண்ணை... லொறி வழி மாறிப் போட்டுதே?" என்றார். பிறகு தவமணியைப் பார்த்து, "இண்டைக்கு உப்பு அளவாத்தான் போட்டனான். வேறை ஒண்டும் போடேல்லை," என்றார்.

அவள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். சூசை கஞ்சி வைத்தான். கரண்டி கரண்டியாகப் பருக்கினாள். அவர் கண்ணை மூடித் தூங்கிய பிறகு நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பலூன், அடுப்பு, நான் சொன்ன விதி, நான்கு மடங்கு சூடு, கேள்வி, கூட்டம், நான் அழுத்திய பெட்டி. கிடாரம் ஞாபகம் வந்தது என்பதையும் சொன்னேன்.

அடுப்புக்கு எதிரே குந்திக்கொண்டிருந்த சூசை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் அவள் என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், ஏசவேண்டும் என்று விரும்பினேன். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவள் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுகந்தியின்ரை பிள்ளைக்குப் பேரும் வைக்கேல்லை," என்றாள்.

"தவமணி, என்னை மன்னிச்சு..."

"அண்ணை." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, பயம். "அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்? போற ஊரெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன் எண்டெல்லே சொன்னனீங்கள்?"

நான் ஊர் ஊராகப் போன அந்த மாதம் முழுக்க என் கண்ணுக்கு முன் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கிடாரம், ஒரு மாதர் சங்கம், என்னுடைய அதே பேச்சு, அதே சிரிப்பு. பெரியவர் என்னிடம் கேட்டது விளாத்தியடிக்குளத்தைப் பற்றி மட்டும்தான். ஒருமுறை பதில் கிடைத்துவிட்டால் அதே கேள்வியை அவர் மறுபடி கேட்க மாட்டார். அப்படித்தான் அவரைச் செய்திருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த காரணத்தை வைத்து மற்றதைத் தானே முடித்துக்கொள்வார்.

திரையை எடுத்தேன். இந்த ஊரைத் தவிர, ஓரடுப்பு மட்டும் எரிந்து, அதன் சூடு கூடியிருந்த ஊர்கள் எத்தனை என்று கேட்டேன்.

"ஒன்பது. ஒன்பதிலும் விநியோகம் நிறுத்தப்பட்டது. இன்று எரிகிறவை: நான்கு."

நான் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. தவமணி திரையை எட்டி வாசித்துவிட்டு எழும்பினாள். பிக்கப்பின் பின்னுக்குப் போனாள். ஒரு மூட்டையை அவிழ்த்து, பால் ரின்னால் பதினைந்து சுண்டு அரிசி அளந்து தன் துணியில் கொட்டினாள். மூட்டையைத் திரும்பக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். பீப்பாயில் இருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்தாள்.

"எங்களுக்கு இது காணும். நாலிடத்துக்கும் பிரிக்கவேணும். கெதியாப் போங்கோ. வரேக்கை எங்களை ஏத்துங்கோ."

"தவமணி..."

"போங்கோ அண்ணை," என்றாள். மன்னிப்பைப் பற்றி அவள் அப்போதும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

காட்டுப் பாதையில் இறங்கினோம். கிட்ட இருந்த ஊர் பதினெட்டுக் கிலோமீற்றர். திரையில் நான்கு புள்ளி இருந்தது. பெரியவர் மணிக்கொரு தடவைதான் புதிதாகப் பார்ப்பார். நான் கண்ணை எடுக்காமல் இருந்தேன். பாதையில் ஒரு இடத்தில் சூசை நிறுத்தி, விழுந்து கிடந்த மரத்தை இழுத்துப் போட இறங்கினான். நானும் இறங்கி ஒரு பக்கம் பிடித்தேன். திரும்பி ஏறியபோது திரை மினுங்கியது. மூன்று புள்ளி.

கீழே கேள்வி வந்திருந்தது. இந்தத் தடவை, நான் ஒன்பதையும் கேட்டதாலோ என்னவோ, மறுபடி என்னைக் கேட்டார்.

"முதிரைமடு. எஞ்சிய அடுப்பும் எரியவில்லை. ஆட்கள் வெளியேறிவிட்டார்கள் எனக் கருதலாமா? வேறு காரணம் உண்டா?"

முதிரைமடு எனக்குத் தெரியும். அங்கே கிடாரத்துக்குப் பொறுப்பாக நின்றவர் யார் என்றும் தெரியும். அவர்கள் கிளம்பியிருக்கலாம். விறகு முடிந்திருக்கலாம். மற்றதாகவும் இருக்கலாம். பெரியவர் வந்த நாளில் இருந்து அந்த மூன்றாவது பெட்டியை நான் ஒருநாளும் தொட்டதில்லை. ஊர் ஆள் என்று என்னைக் கூப்பிட்டதே தெரியும் என்று சொல்லத்தானே.

'தெரியாது' என்று அழுத்தினேன்.

சூசை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டான், "என்னவாம் பெரியவர்?"

"போய்ப் பாக்கட்டாம்," என்றேன்.